ஒரே ஒரு நாளைக்கு எருது

தைனான்
குடியரசு ஆண்டு 114 (கி.பி. 2025), பத்தாம் மாதம், 19-ம் தேதி

செல்வி லோ யி-சிங் அவர்களுக்கு,

உன்னை மணக்கப் போகும் போ-ஹானின் தாய்மாமன் குவோ ஜென்-குன் எழுதுவது. உன் பெற்றோர் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே என் மனைவி சியூ-லான் நலம். மொட்டை மாடியில் ஆர்க்கிட் செடிகள் நலம். என்னுடைய நலத்தைப் பற்றிக் கடிதம் முழுவதும் எழுதப் போவதால் அதை இங்கே தனியாகச் சொல்லவில்லை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கையால் எழுதி, உறையிலிட்டு, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறாய். இருபத்தாறு வயதில் இதைச் செய்கிறவர்கள் இப்போது யாரும் இல்லை. அதற்காகவே நானும் பேனாவை எடுத்தேன். இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பள்ளியில் மொழிப்பாடம் நடத்துகிறவன் என்பதால், உன் கடிதத்தில் இருந்த இரண்டு எழுத்துப் பிழைகளைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். திருத்திய கடிதத்தை இத்துடன் வைத்து அனுப்புகிறேன். மனதில் வைத்துக்கொள்ளாதே. எனக்கு வரும் எல்லாக் கடிதங்களுக்கும் இதே மரியாதைதான். எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் இப்போதெல்லாம் எனக்கு மட்டும் அறிவிப்பு அனுப்புவதில்லை. மற்றபடி, சொல்ல வந்ததை ஒரே பக்கத்தில் அடக்கமாகச் சொல்லி முடித்திருக்கிறாய். முயல் வருடத்தில் பிறந்த பெண்ணுக்கு ஏற்ற அளவு.

நீ கேட்டிருப்பது இரண்டு. ஒன்று, அடுத்த மாதம் லூகாங்கில் நடக்கும் உன் திருமண விருந்துக்கு நான் வந்து தாய்மாமன் நாற்காலியில் உட்கார வேண்டும். இரண்டு, அப்படி வரும்போது கல்யாணத்துக்கு ஆகாத புலி வருடத்துக்காரனாக வராமல், என் அக்கா கண்டுபிடித்திருக்கும் வழியில், எருதாக வர வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில்: முடியாது. கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய், "ஒரே ஒரு நாள் வேறொரு மிருகமாக இருப்பது அவ்வளவு கஷ்டமா மாமா?" என்று. அதை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறையும் கோபம்தான் வந்தது. மூன்றாம் முறை, பாவம், முயலுக்கு என்ன தெரியும் என்று தோன்றியது. பிறந்ததிலிருந்து எல்லா வீட்டிலும் கதவு திறந்து உள்ளே அழைக்கப்பட்டவளுக்குக் கதவுக்கு வெளியே நிற்கிறவனின் கௌரவம் தெரிய நியாயமில்லை. தெரியவைக்கத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

என் அக்கா, அதாவது உன் வருங்கால மாமியார், போன மாதம் தொலைபேசியில் அழைத்தாள். அவள் சேவல் வருடம். சேவல் வருடத்துக்காரர்கள் ஹலோ சொல்வதில்லை, நேராகக் கூவிவிடுவார்கள்.

"தம்பி, ஒரு நல்ல சேதிடா. நீ புலியே இல்லையாம்."

"பின்னே?"

"மாடு."

மாடா என்று திருப்பிக் கேட்டேன். அவளுக்கு அதுவே உற்சாகமாகிவிட்டது.

"ஜோசியர் ஹுவாங் ஐயா கணக்குப் போட்டுப் பாத்துட்டாருடா. நீ பொறந்தது புது வருஷம் பொறந்து ஒம்பதாம் நாள், வானத்து ஐயன் பொறந்தநாள் அன்னிக்கு. ஆனா வசந்தம் தொடங்கினது அதுக்கு நாலு நாள் கழிச்சாம். வசந்தம் தொடங்குற நாள்லதான் மிருகம் மாறும்னு பழைய கணக்கு ஒண்ணு இருக்காம். அப்போ நீ முந்தின வருஷத்து மாடுடா! எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது பாத்தியா?"

"அப்போ அம்பத்தோரு வருஷமா நான் என்னவா இருந்தேன்?"

"அதை விடுடா இப்போ. விருந்து அன்னிக்கு யாராவது கேட்டா மாடுன்னு சொல்லு. வாயைத் தொறந்து அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாதே. மாடு பேசாது."

இந்த ஹுவாங் ஐயாதான், இதே என் அக்காவின் வீட்டில், முப்பது ஆண்டுகளாகச் சிவப்புத் தாளில் "புலி வருடத்தார் ஒதுங்கி நிற்கவும்" என்று எழுதிக் கொடுத்தவர். அப்போதெல்லாம் வசந்தம் எங்கே போயிருந்தது? இப்போது மட்டும் ஏன் வந்தது? காரணம் உனக்கும் தெரியும். மேலே வானத்து ஐயன், கீழே தாய்மாமன் என்பார்கள். மாமன் உட்காராமல் விருந்தில் சூப்புக் கிண்ணம்கூட மேசைக்கு வராது. மாமன் சாப்பாட்டுக் குச்சியை எடுக்காமல் ஒருவன் வாயைத் திறக்க முடியாது. என்னை உட்காரவைத்தால் புலி கல்யாணப் பெண்ணுக்கு ஆகாது. உட்காரவைக்காவிட்டால் முந்நூறு பேர் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த முந்நூறு தட்டுக்காக நான் எருதாக வேண்டும். இந்த யோசனையோடு அக்கா ஒரு பெட்டி பிஸ்கட்டும் அனுப்பியிருந்தாள். லூகாங்கில் இத்தனை பலகாரம் இருக்க, அவளுக்குக் கிடைத்தது, நாக்கு மாதிரி நீளமாக இருப்பதால் அந்தப் பெயர் வந்த மாட்டு நாக்கு பிஸ்கட். சியூ-லான் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதைச் சாப்பிட்டா சொந்தக்காரங்களைச் சாப்பிட்ட மாதிரி ஆகாதே?" என்று கேட்டாள். அவள் பன்றி வருடம். எதைப் பற்றியும் கவலைப்படாமல் நான்கு தின்றாள்.

நான் முடியாது என்றதும் அக்கா ஒரு பெருமூச்சு விட்டாள். சேவல் விடும் பெருமூச்சுக்குப் பின்னால் கத்தி இருக்கும். "அப்போ சரி. லுங்கை உக்கார வெச்சுடறேன். அவனும் மாமன்தானே? டிராகன் வேற."

என் தம்பி ஜென்-லுங்கை நீ பார்த்திருப்பாய். பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான்; சிரிக்காதபோதும் பல் தெரியும். என்னைவிட இரண்டு வயது இளையவன், டிராகன் வருடம். அந்த வருடத்தில் பிள்ளை வேண்டும் என்று ஊரே நாள் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் அப்பாவும் பார்த்தார். பெயரிலேயே டிராகனை வைத்தார். நான் வேண்டுமென்று யாரும் நாள் பார்த்ததாகத் தகவல் இல்லை. எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது எங்கள் சித்தப்பாவுக்குக் கல்யாணம். மணமக்கள் கட்டிலில் டிராகன் வருடத்துப் பையனை உருளவிட்டால் ஆண்பிள்ளை பிறக்கும் என்பது வழக்கம். ஜென்-லுங்கைப் புதுச் சட்டை போட்டு உருளவிட்டார்கள். உருண்டதற்குப் பணம் வைத்த சிவப்பு உறையும் கோழிக்காலும் கொடுத்தார்கள். அதே நேரத்தில் என்னைக் கொல்லைப்புறத்தில், பன்றிக்கால் வேகும் அண்டாவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். பெண் வீட்டுக்குள் வந்து உட்காரும்வரை திரும்பக் கூடாது. திரும்பவில்லை. அந்தச் சுவரில் எத்தனை செங்கல் என்று இன்று கேட்டாலும் சொல்வேன். அவன் உருண்டான், நான் நின்றேன். எது கஷ்டம்? ஆனால் கோழிக்கால் உருண்டவனுக்குத்தான் போகிறது. உலகம் இப்படித்தான் என்று எட்டு வயதிலேயே படித்தவன் நான்.

அக்காவின் கல்யாணத்தில் எனக்கு இருபத்தொரு வயது. வீட்டில் நன்றாகக் கார் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மணப்பெண் காரை ஓட்ட வேண்டியவன். புலி ஓட்டக் கூடாது என்றார்கள். ஊர்வலத்துக்கு ஆறு கார். கடைசிக் காரை என்னிடம் கொடுத்து, "நீ கொஞ்சம் தள்ளியே வா" என்றார் அப்பா. தள்ளி வரச் சொன்னால் புலி எவ்வளவு தள்ளி வரும் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். நான் வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்தி, குளிர்ந்த பார்லி டீ வாங்கி, நிதானமாகக் குடித்தேன். முன்னால் போனவர்கள் லூகாங்குக்குள் நுழையும்போது திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். ஐந்து கார். கல்யாண ஊர்வலத்தில் ஒற்றைப்படை ஆகாது. உள்ளே நுழையவும் முடியாது, நல்ல நேரமும் போய்க்கொண்டிருக்கிறது. வயல் ஓரத்தில் ஐந்து காரையும் நிறுத்திவிட்டு, மாப்பிள்ளை கோட்டும் சூட்டுமாகச் சாலை நடுவில் நின்று, தூரத்தில் ஏதாவது கார் வருகிறதா என்று கையால் வெயிலை மறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ச் சேர்ந்ததும் அக்கா கண்ணாடியை இறக்கி, மணப்பெண் பேசக் கூடாது என்பதையும் மறந்து கத்தினாள். "எருமை! எங்கடா போய்த் தொலைஞ்சே?"

அவள் அன்றைக்கே என் மிருகத்தை மாற்றப் பார்த்தாள் என்பதைக் குறித்துக்கொள். ஆனால் நான் சொல்ல வருவது வேறு. புலி இல்லாமல் அந்தக் கல்யாணம் ஊருக்குள் நுழையவில்லை. ஐந்தை ஆறாக்கியவன் நான். முப்பது ஆண்டுகளில் ஒருவர்கூட இதற்கு நன்றி சொன்னதில்லை.

என் சொந்தக் கல்யாணத்திலேயே என்னை வெளியே நிறுத்தலாமா என்று ஒரு அத்தை ஆலோசனை சொன்னாள். மாப்பிள்ளை இல்லாமல் சிரமம் என்று யாரோ எடுத்துச் சொன்னதால் தப்பித்தேன்.

போ-ஹான் பிறந்தபோது நடந்ததை மட்டும் நான் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை. பச்சைக் குழந்தையைப் புலி பார்க்கக் கூடாது, ஒரு மாதம் ஆக வேண்டும். அந்த மாதத்தில் ஏழு முறை தைனானிலிருந்து லூகாங் போனேன். ஒவ்வொரு முறையும் நல்லெண்ணெய்க் கோழிக் குழம்புப் பாத்திரத்தை மாடிப்படியின் அடியில் வைத்துவிட்டு, மேலே அவன் அழுவதைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். குரல் கேட்கக் கூடாது என்று சிவப்புத் தாளில் எழுதியிருக்கவில்லை. முப்பத்தொன்றாம் நாள் காலையில் முதல் ஆளாகப் போய் நின்றேன். அவன் என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை. அக்கா இழுத்துப் பார்த்தாள், விடவில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கும். அவனுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவன், நீந்தக் கற்றுக்கொடுத்தவன், முதன்முதலில் மூக்கில் ரத்தம் வரச் சண்டை போட்டுவிட்டு அவன் தேடி வந்த ஆள், எல்லாம் நான். அவன் கல்யாணத்தில் மாமன் நாற்காலி எனக்கு என்பது சிவப்புத் தாள் எழுதுகிறவர்கள் முடிவு செய்கிற விஷயம் அல்ல. அதற்காகவே போகமாட்டேன் என்கிறேன். என் நாற்காலியில் நான் உட்கார்வதாக இருந்தால் நானாக உட்கார வேண்டும். இன்னொருவன் பெயரில் உட்கார்ந்தால் அது அவன் நாற்காலி.

எருதாக இருப்பதில் என்ன குறை என்று நீ கேட்கலாம். குறை ஒன்றுமில்லை. நம் குடும்பத்திலேயே அசல் எருது ஒன்று இருக்கிறது, உன் போ-ஹான். ஓட்டுநர் உரிமத்துக்காக எஸ் வளைவில் காரைப் பின்னால் ஓட்டும் பரீட்சையில் மூன்று முறை மணியடித்து அவனை வெளியேற்றினார்கள். யார் மேலும் கோபமில்லை, வளைவின் மேலும் கோபமில்லை. நான்காம் முறையும் அதே பள்ளிக்குப் போய், அங்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த உன்னிடம் சேர்ந்தான். எருது அப்படித்தான். உழு என்றால் உழும், நில் என்றால் நிற்கும், பின்னால் போ என்றால் நாலாம் தடவை போகும். நல்ல பிராணி. ஆனால் நான் அது இல்லை.

நான் எருது என்றால் என் வாழ்க்கைக்கே கணக்கு உதைக்கிறது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் தலைமையாசிரியர், கல்வி அதிகாரிகள் வரும் நாளில், பள்ளி வாசலின் இருபக்கமும் சிவப்புக் காகிதத்தில் எழுதிய புத்தாண்டு ஈரடிப் பாட்டைத் தன் கையாலேயே ஒட்டினார். வலப்பக்கம் வர வேண்டிய அடி இடப்பக்கம், இடப்பக்கம் வர வேண்டியது வலப்பக்கம். அதிகாரிகள் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்.

"சார், பாட்டு மாறி ஒட்டியிருக்கு."

"மெதுவாப் பேசுங்க குவோ சார். யாரும் கவனிக்கமாட்டாங்க."

"நான் கவனிச்சுட்டேனே சார்."

துறைத்தலைவர் பதவி அந்த வருடம் எனக்கு வர வேண்டியது. காகிதத்தின் சிவப்பு நிறம் அருமை என்று சொன்ன ஒரு சக ஆசிரியருக்குப் போனது. அவர் முயல் வருடம், உன்னைச் சொல்லவில்லை. எனக்குச் சைக்கிள் கொட்டகைச் சாவி வந்தது. இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் இதுவரை ஒரு நாளும் நான் அழவில்லை. புலி பிழையைக் கண்டால் பாயும், விலையைக் கேட்காது. எனவே இது என் தோல்வி அல்ல, என் வருடத்தின் குணம் என்று தலை நிமிர்ந்து கொட்டகையைத் திறந்தேன், மூடினேன். இப்போது அக்கா வந்து நீ எருது என்கிறாள். எருதாக இருந்தால் நான் அந்தப் பாட்டைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருக்க வேண்டும். எருதாக இருந்துகொண்டு பாய்ந்தேன் என்றால், அது வருடம் இல்லை, என் வாய். சுவரைப் பார்த்து நின்றதும் வீண், படிக்கு அடியில் குழம்பை வைத்ததும் வீண். ஐம்பத்தொரு ஆண்டாக ஒரு எருதைப் புலி என்று நினைத்து எல்லோரும் பயந்தார்கள், அந்த எருதும் சேர்ந்து பயமுறுத்தியது என்றாகிவிடும். ஒருவனிடமிருந்து பதவியைப் பிடுங்கலாம், கோழிக்காலைப் பிடுங்கலாம். அவன் பட்ட கஷ்டத்துக்கான காரணத்தைப் பிடுங்கக் கூடாது. அது ஒன்றுதான் அவன் சொந்தமாகச் சம்பாதித்தது.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. வசந்த காலத்தில் லூகாங் உணவகத்தில் உன்னை முதன்முதலில் அறிமுகம் செய்தபோது அக்கா என் காதில் சொன்னாள், "பொண்ணு முயல்டா. அதிர்ந்து பேசமாட்டா." அதே நிமிடம் வேகவைத்த மீன் வந்தது. நீ குச்சியால் அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டாய்.

"அண்ணே, காலையில புடிச்ச மீன்னு சொன்னீங்க?"

"ஆமாம்மா, காலையிலதான்."

"எந்த மாசத்துக் காலையில? கண்ணு பாருங்க, பனி படிஞ்ச கண்ணாடி மாதிரி இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

"நல்லாத்தான்மா இருக்கும், சாப்பிட்டுப் பாருங்க..."

"நீங்க உக்காந்து சாப்பிடுங்க. நாங்க பாக்கறோம்."

மீன் திரும்பிப் போயிற்று. அக்காவின் முகமும் அதே நிறத்துக்கு வந்தது. "பசியில பேசுது," என்றாள். ஒரு முயலுக்கு இவ்வளவு பல்லா என்று நான் வியந்ததை ஒப்புக்கொள்கிறேன். அதைவிட, அன்று தேநீர் ஊற்றும்போது யாரும் சொல்லாமலே என் கோப்பையை முதலில் நிரப்பினாய். ஜென்-லுங் கோப்பையை நீட்டிக்கொண்டே இருந்தான். அந்தக் கோப்பை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. எனக்குக் கெட்டது மட்டும்தான் நினைவிருக்கும் என்று சியூ-லான் சொல்வது தவறு.

அதனால் மாமன் என்ற முறையில் ஓர் அறிவுரை. அக்கா வீட்டில் விடியற்காலை ஐந்துக்குச் சேவல் எழும். நீ தூங்குவதுபோல் நடி. சமையலறையில் கத்தி எங்கே இருக்க வேண்டும் என்று அவள் சொன்னால் அங்கேயே இருக்கட்டும். கல்யாணத்தன்று உன் வீட்டிலிருந்து கார் புறப்படும்போது ஜன்னல் வழியாக விசிறியைக் கீழே போடச் சொல்வார்கள். பிறந்த வீட்டில் உன் கோபதாபத்தை விட்டுவிட்டுப் போகிறாய் என்று அர்த்தம். முயலிடம் விடுவதற்கு என்ன இருக்கிறது? சம்பிரதாயத்துக்குப் போட்டுவிடு.

விருந்துக் கூடத்தில் நடுவில் தொங்கவேண்டிய தாய்மாமனின் வாழ்த்துச் சிவப்புத் துணியை நானே எழுதி முடித்துவிட்டேன். மூன்று மாதம் பழகிய எழுத்து. அதில் பிழை இல்லை, வலமும் இடமும் மாறவில்லை. பார்சலில் அனுப்புகிறேன். துணிக்கு வருட மிருகம் கிடையாது, ஹுவாங் ஐயாவிடம் கேட்டுக்கொள்ளலாம். நாற்காலியில் டிராகன் உட்காரட்டும். அவன் எப்படியும் உருண்டு உட்காரப் பழகியவன்.

உங்கள் இருவருக்கும் நூறு ஆண்டு ஒற்றுமை உண்டாகட்டும். வாசல் நிறைய செருப்பும் அடுக்களை நிறைய ஆவியும் இருக்கட்டும். போ-ஹானிடம் மாமா கேட்டதாகச் சொல். மாமா கோபமாக இருப்பதாகச் சொல்லாதே, அவனுக்கே தெரியும்.

தலை குனியாத,
குவோ ஜென்-குன்
(புலி வருடம்)

பி.கு.: கடிதத்தை மடித்த பிறகு, திருத்திய உன் தாளுக்கு மதிப்பெண் போட வேண்டும் என்று நினைவு வந்தது. நான் மதிப்பெண் போடுவது எப்போதும் தாளின் பின்பக்கம். திருப்பினேன்.

இருபத்தெட்டு ஆண்டுகளாக ஒவ்வொரு தேர்விலும் "தாளைத் திருப்பிப் பாருங்கடா, பின்னாடியும் கேள்வி இருக்கு" என்று கத்தியவன் நான். ஐந்து நாளாக உன் கடிதம் என் மேசையில் கிடந்தது. ஐந்து நாளாக நான் திருப்பவில்லை.

நீ எழுதியிருந்ததை இங்கே ஒரு முறை எழுதிப் பார்க்கிறேன், சரியாகத்தான் படித்தேனா என்று: "மாமா, முன்பக்கத்தை அத்தை பக்கத்துல உக்காந்து எழுதச் சொன்னாங்க. இந்தப் பக்கம் அவங்களுக்குத் தெரியாது. நான் முயல் இல்ல மாமா. குடியரசு 88-ம் வருஷம் ஜனவரி முப்பதாம் தேதி பொறந்தேன். 88-னா எல்லாரும் முயல்னு நெனச்சுக்கறாங்க. அந்த வருஷம் புது வருஷம் பொறந்ததே பிப்ரவரி பதினாறுலதான். புலின்னா யாரும் பொண்ணு கேட்டு வரமாட்டாங்கன்னு அம்மா ஜோசியர்கிட்ட மார்ச் மாசம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. போ-ஹான்கிட்ட மட்டும் சொன்னேன். சிரிச்சுட்டு, 'அதனால என்ன, எனக்கு ரொம்பப் புடிச்ச ஆளே புலிதான்'னாரு. அதான் உங்களுக்கு எழுதறேன். நீங்க ஒரு நாள் மாடா இருந்தாப் போதும். நான் காலம் பூரா முயலா இருக்கணும். அந்த நாற்காலியில ஒரு புலி இருக்குன்னு தெரிஞ்சா உள்ள போக எனக்குத் தைரியமா இருக்கும்."

எழுந்து போய்ப் பெரிய நாட்காட்டிப் புத்தகத்தைப் பார்த்தேன். புத்தாண்டு பிப்ரவரி பதினாறு. வசந்தம் பிப்ரவரி நான்கு. எந்தக் கணக்கில் பார்த்தாலும் நீ புலி. என்னைவிட நீ அதிகம் புலி. எனக்காவது ஹுவாங் ஐயா ஒரு சந்து கண்டுபிடித்தார். மீனைத் திருப்பி அனுப்பிய அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மேலே எழுதியதில் ஒரு வரியையும் நான் அடிக்கவில்லை. முயலுக்கு எழுதியது என்று நினைத்து எழுதினேன். ஒரு புலி இன்னொரு புலிக்கு எழுதியதாக முதலிலிருந்து படித்துக்கொள். முயலைப் பற்றி எழுதிய இடங்களை மட்டும் தாண்டிவிடு. படித்து முடித்ததும் இதையும் உன் தாளையும் சேர்த்துக் கோயிலில் காகிதம் எரிக்கும் உலையில் போட்டுவிடு. சியூ-லானிடம்கூட நான் காரணத்தைச் சொல்லவில்லை. கூடத்துக்குப் போய், "சரி, நான் மாடுதான்," என்றேன். அவள், "அப்போ கீழே ஒரு அரிசி மூட்டை கெடக்கு, மாடிக்குத் தூக்கிட்டு வாங்க," என்றாள். தூக்கிவந்தேன். இருபது கிலோ. புலியாக இருந்த காலத்தில் இவ்வளவு தூக்குவேன் என்று எனக்குத் தெரியாது.

நாற்காலியை ஜென்-லுங்குக்குக் கொடுக்க வேண்டாம் என்று அக்காவுக்கு இன்றே சொல்லிவிடுகிறேன். சிவப்புத் துணியைக் கையோடு கொண்டுவருகிறேன். மாட்டு நாக்கு பிஸ்கட் தீர்ந்துவிட்டது, இன்னொரு பெட்டி அனுப்பச் சொல். கூடத்து வாசலில் ஹுவாங் ஐயா என்னை நிறுத்தி, "நீங்க என்ன வருஷம்?" என்று கேட்பார். முந்நூறு பேருக்கும் கேட்கும்படி "மாடு!" என்று சொல்வேன். புலி எருதாக நடிக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது எருதுகளுக்குத் தெரியாது. நீ உள்ளே வரும்போது நான் சுவரைப் பார்த்து நிற்கமாட்டேன். உன்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மதிப்பெண்: முன்பக்கம் எழுபத்தெட்டு, பின்பக்கம் நூறு.

கார் புறப்படும்போது விசிறியைப் பற்றி மேலே சொன்னதை மாற்றிக்கொள். விசிறியை மட்டும் போடு. மற்றது உன்னிடமே இருக்கட்டும்.